ரெண்டு புள்ளி நாலு சதவீதம்

மூவாயிரத்துத் தொள்ளாயிரம். சாப்பிடப் போறதுக்கு முன்னாடி பார்த்தேன், மூவாயிரத்துத் தொள்ளாயிரம். சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்து பார்த்தா மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அஞ்சு. அடேங்கப்பா, அஞ்சு கூடிருச்சு, குலவை போடுங்கடி எல்லாரும். செகண்டுக்கு ஒரு லட்சம் கிலோபைட்டுக்கு மேல ஓட வேண்டிய சனியன் இது. புது டிஸ்க்கு, நேத்து திண்டுக்கல் போய் நானே வாங்கி, பஸ்ல மடியில வச்சு, குலுங்காம கொள்ளாம கொண்டு வந்தேன். காலையில ஏழு மணிக்குச் சொருகினேன். இப்ப மணி ரெண்டு. ஏழு மணி நேரத்துல ரெண்டு புள்ளி நாலு சதவீதம். மிச்சம் முடிய எவ்வளவு ஆகும்னு அதுவே பக்கத்துல போட்டுக் காட்டுது, பதினாறாயிரத்து அறுநூத்திச் சொச்சம் நிமிஷமாம். நிமிஷமாச் சொன்னா நமக்கு உறைக்காதுன்னு நினைச்சான் போல இதை எழுதின புண்ணியவான். பதினொண்ணரை நாள்யா அது! நாலு டிஸ்க்கு சேர்ந்து ஒரு பாரத்தைத் தூக்கிக்கிட்டு நிக்குது, ஒண்ணு செத்துப்போச்சு, மத்த மூணும் தம் கட்டிப் பிடிச்சுக்கிட்டிருக்கு, புதுசா வந்தவன் தன் பங்கு என்னன்னு அந்த மூணுகிட்டயும் கேட்டுக் கேட்டு எழுதிக்கிறான். அவ்வளவுதான் ரீசிங்க், நாலும் சேர்ந்த ஏற்பாட்டுக்குப் பேரு ரெய்டு. இதை மேனேஜர் தண்டபாணி சாருக்கு மூணு தடவை விளக்கிட்டேன். மூணு தடவையும் மண்டையை ஆட்டிட்டு, "ரெய்டுன்னதும் பயந்துட்டேன்மா, இன்கம்டாக்ஸோன்னு"ன்னு சிரிக்கிறார். சிரிங்க சார். உங்க வாய், உங்க பல்லு. இந்த ரூம் முன்னால பாபின் அடுக்கி வைக்கிற ரூம். ஸ்பின்னிங் மில்லுல கம்ப்யூட்டருக்குன்னு ஒரு ரூம் கேட்டா, ஜன்னல் இல்லாத, மூலையில எலி செத்த இதைத்தான் குடுத்தாங்க. ஏசி போட்டுக் குடுத்தது எனக்காக இல்லை, மெஷினுக்காக. எங்க பார்த்தாலும் பஞ்சு. கதவிடுக்குல பஞ்சு, கீபோர்டு கட்டைக்கு நடுவுல பஞ்சு, தும்மினா பஞ்சு. பதினாலு வருஷமா இந்தப் பஞ்சைத் தின்னுக்கிட்டு இருக்கேன். என் பேரு சகாயராணி, இந்த மில்லுல எல்லாரும் சிஸ்டம் மேடம்பாங்க. என் பேரு தெரிஞ்சவங்களை விரல் விட்டு எண்ணிரலாம். விரல்னு ஏன் வந்துச்சு இப்ப வாயில. சே.

கதவுக்கு வெளியில பெஞ்சு இருக்கு. பெஞ்சுல அவ இருக்கா. செல்லக்கிளி. சாயல்குடிப் பக்கம் ஒரு ஊரு, பஞ்சைச் சிக்கெடுக்குற கார்டிங்ல வேலை, மில் ஹாஸ்டல்லயே தங்கல், இருபத்திரண்டு வயசு. பன்னெண்டு நாளைக்கு முன்னாடி, ஆயுத பூஜைக்கு முந்தின நாள், மெஷினைத் துடைக்கையில வலது கையில ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போச்சு. மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போது மூடியைத் திறந்தா, அவ கவனக்குறைவு, அப்படின்னு மில்லு எழுதி வச்சிருக்கு. மெஷின் நின்னுக்கிட்டு இருந்துச்சு, நான் கையை விட்டப்புறம் தானா ஓடுச்சு, அப்படின்னு இவ சொல்றா. நாளைக்குக் காலையில பதினொரு மணிக்கு பேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ்ல விசாரணை. எது நிஜம்னு கார்டிங்ல மாட்டியிருக்கற பதினாலாம் நம்பர் கேமரா பார்த்திருக்கு. கேமரா பதினாலு பார்த்ததெல்லாம் இந்த நாலு டிஸ்க்குலதான் இருக்கு. அது போச்சுன்னா இவளுக்கு நஷ்டஈடும் இல்லை, வேலையும் இல்லை, விரலும் இல்லை, தப்பு மட்டும் இருக்கும். நாலு நாளா வந்து உக்காருறா. கட்டுப் போட்ட கையை மடியில வச்சுக்கிட்டு, இடது கையால அதைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை அதிகமாப் பேசாம. பேசித் தொலைச்சாலாவது பரவாயில்லை. கதவு திறக்குறப்பல்லாம் அந்த மருந்து வாசம் உள்ள வருது. இன்னைக்குக் காலையில இருந்து மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்து, "அக்கா, எவ்வளவு வந்திருக்கு?"ன்னு கேக்குறா. சதவீதம் சொல்லக் கத்துக்குடுத்தது நான்தான். "ஒண்ணு புள்ளி ஒண்ணு"ன்னேன். "நூறு வரணும்ல"ன்னா. ஆமா தாயி, நூறு வரணும். நூறு வந்தாத்தான் எடுக்க முடியும்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன்.

சரி, ஆத்திரப்பட்டு ஆவப்போறது ஒண்ணுமில்லை, முதல்ல இருந்து வா சகாயராணி. கேபிளா? கேபிளை மாத்தியாச்சு. சூடா? காத்தாடியில பஞ்சு அடைச்சுக்கிட்டு இருந்துச்சு, பெயிண்ட் பிரஷ் வச்சுத் தட்டி எடுத்தாச்சு, நாப்பது டிகிரிக்கு மேல ஏறலை. மத்த மூணு டிஸ்க்குல ஏதாவது நோவு இருக்கா? மூணாவது கொஞ்சம் இருமுது, ஆனா படுக்கலை. இது படிக்கப் படிக்க அதுவும் போயிருச்சுன்னா மொத்தமும் போச்சு, ஒரு துண்டுப் படம் மிஞ்சாது. வேகத்துக்கு ஏதாவது வரம்பு போட்டிருக்கா? மேல்வரம்பு ரெண்டு லட்சம், கீழ்வரம்பு ஆயிரம். ரெண்டுக்கும் நடுவுல எங்க ஓடணும்னு அதுவே முடிவு பண்ணும். வேற யாராவது டிஸ்க்கைத் தொட்டுக்கிட்டே இருந்தா, நீங்க முதல்ல பாருங்கன்னு இது ஒதுங்கி ஓரமா நின்னுக்கும். அவ்வளவு மரியாதை. இந்த மில்லுல மரியாதை தெரிஞ்ச ஒரே ஜென்மம் இதுதான், அதனாலதான் இதுக்கு இந்தக் கதி. அப்ப யாரு தொடுறது? முப்பத்திரண்டு கேமராவும் எழுதிக்கிட்டுத்தான் இருக்கு, சரி. போன வருஷமும் இப்படி ஒரு டிஸ்க்கு மாத்தினேனே, அப்பவும் கேமராவெல்லாம் எழுதிக்கிட்டுத்தான் இருந்துச்சு, ஒன்றரை நாள்ல முடிஞ்சிருச்சே. அப்ப எழுதுறது இல்லை, எவனோ படிக்கிறான். எவனோ காலையில இருந்து விடாம உக்காந்து படிச்சுக்கிட்டே இருக்கான். இதைக் கண்டுபிடிக்க ரெண்டு நிமிஷம் போதும். ஏழு மணி நேரமா நான் இதைப் பார்க்காம கேபிளையும் காத்தாடியையும் நோண்டிக்கிட்டு இருந்திருக்கேன். சின்ன வயசுல பாவசங்கீர்த்தனத்துக்குப் போனா இப்படித்தான் பண்ணுவேன். பொய் சொன்னேன் சாமி, தம்பியைக் கிள்ளினேன் சாமி, பூசையில தூங்கினேன் சாமின்னு சில்லறையெல்லாம் வரிசையாக் கொட்டிட்டு, பெருசை மட்டும் நாக்குக்கு அடியில வச்சுக்கிட்டு வெளிய வந்துருவேன். சாமியாரும் மூணு அருள் நிறை மரியே சொல்லுன்னு விட்டுருவார். வெளிய வந்ததும் நெஞ்சு கனக்கும், கனக்கக் கனக்கப் போய் ஐஸ் வாங்கித் திம்பேன்.

யாரு படிக்கிறான்னு பார்த்தாச்சு. மேனேஜர் ரூம் கம்ப்யூட்டர். காலையில ஏழு பத்துல இருந்து. கேமரா பதினாலு. தேதி, பூஜைக்கு முந்தின நாள். அட நாசமாப் போறவனே. என் காது ரெண்டும் சூடாகிக் கொதிக்குது. ரூமைப் பூட்டிட்டுக் கிளம்பினேன். பெஞ்சுல இருந்தவ, "என்னக்கா, வந்துருச்சா?"ன்னு எந்திரிச்சா. "இரு, வர்றேன்"னேன், மூஞ்சியைப் பார்க்கலை. ஸ்பின்னிங்கைத் தாண்டி ஆபீஸ் வரைக்கும் நடக்க அஞ்சு நிமிஷம், அந்த அஞ்சு நிமிஷமும் வாய்க்குள்ளயே அந்த ஆளைக் கிழிச்சுத் தோரணம் கட்டிக்கிட்டே போனேன். ஏன்யா, எனக்குத் தெரியாம, நான் பார்த்துப் பார்த்து வச்சிருக்கற டிஸ்க்குல. உள்ள போனா மனுஷன் நெத்தி நிறைய விபூதியோட உக்காந்திருக்கார், ஸ்கிரீன்ல படம் நிக்குது, கார்டிங் ஆறாம் நம்பர் மெஷின், அதுக்கு முன்னாடி ஒரு முதுகு, ஒரு பச்சை ஓவர்கோட்டு. என்னைப் பார்த்ததும் அவசரப்பட்டு மூடவும் இல்லை. "வாம்மா சகாயம், உக்காரு. டீ சொல்லவா?" "வேணாம் சார். நீங்க இதைப் பார்க்குறதாலதான் சார் அங்க ரீசிங்க் ஓட மாட்டேங்குது." "அப்படியா! எனக்கென்னம்மா தெரியும், நான் பாட்டுக்குத் திருப்பித் திருப்பி ஓட விட்டுக்கிட்டு இருக்கேன். நீதானே சொன்னே, நூறு வராம எடுக்க முடியாதுன்னு. எனக்கு நல்லாத்தான் தெரியுது." பளிச்சுன்னு தெரியுது அவருக்கு. அவரே பேசினார். "நல்லதாப் போச்சு விடு. டிஸ்க் பழுது, பதினொரு பன்னெண்டு நாள் ஆகும்னு ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துரு, நாளைக்கு அங்க காட்டிக்கலாம். பதினஞ்சு நாளானா பழசு தானா அழியுற மாதிரி வச்சது நீதானே? இன்னும் மூணு நாள். நான் ஒண்ணும் அழின்னு சொல்லலையேம்மா." அப்புறம் மேஜையில இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழட்டி, திரும்ப மாட்டி, "எலக்ட்ரீஷியன் பால்பாண்டி அதுல போன்ல பேசுறான். யார்கூடப் பேசுறான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னும் எனக்கு இல்லை"ன்னார். அன்பாச் சொன்னார். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தா எனக்கு இவ்வளவு எரிஞ்சிருக்காது.

திரும்பி வந்துட்டேன். கதவைச் சாத்திக்கிட்டேன். அவ என்னமோ கேட்டா, "இரு"ன்னேன், எத்தனை இரு. பேப்பர் எடுத்து வச்சேன். ஐயா, இத்தால் தெரிவிப்பது. இத்தால் என்னத்தைத் தெரிவிப்பது? எல்லாப் பயலும் என் கையை வச்சே என் கண்ணைக் குத்துறான். அந்த ஆளு ஒரு பொய்யும் சொல்லலை, அதுதான் எனக்கு ஆத்திரம். நான் சொன்ன பொய்யைத்தான் மடிச்சு எனக்கே திருப்பிக் குடுத்தார். நூறு வரணும்னு எந்த மடச்சி சொன்னா? ஒரு டிஸ்க்கு செத்தாலும் மத்த மூணையும் வச்சுப் படிக்கலாம், அதுக்குத்தானே இந்த ஏற்பாடே, அதைத்தானே அந்த ஆளுக்கு மூணு தடவை விளக்கினேன். நேத்தும் படிக்கலாம், இன்னைக்கும் படிக்கலாம். அந்த ஒரு மணி நேரத்துப் படத்தை எடுத்துப் பென்டிரைவ்ல போட பத்து நிமிஷம். மூணாவது டிஸ்க்கு இருமுதுன்னா முதல்ல அதைத்தான் பண்ணணும், கம்ப்யூட்டர் படிக்கிற எந்தச் சின்னப்புள்ளையும் சொல்லும். நான் பண்ணலை. அவ முதநாள் வந்தப்ப, சார் அனுமதி வேணும்னேன். ரெண்டாம் நாள், சார் ஊர்ல இல்லைன்னேன். மூணாம் நாள், அதான் நேத்து, காலையில வந்து பார்த்தா டிஸ்க்கு செத்துக் கெடக்கு, ரூம் பூரா கீ கீன்னு கத்தல். மாதாவே, எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? சந்தோஷமா இருந்துச்சு. நிஜமாவே. சாமி பார்த்து ஒரு சாக்கு குடுத்துருச்சுன்னு இருந்துச்சு. கத்தலை நிப்பாட்டிட்டு இந்த நாற்காலியில உக்காந்து ஒரு நிமிஷம் கண்ணை மூடினேன். அப்புறம் வெளிய போய் அவகிட்ட, "டிஸ்க்கு போச்சுப்பா, புதுசு போட்டு நூறு வந்தாத்தான்"னேன். அவளும் சரிக்கான்னுட்டா. கம்ப்யூட்டர் விஷயத்துல நான் சொல்றதுதான் இந்த மில்லுல வேதம், எதிர்த்துக் கேக்க ஒரு நாதி கிடையாது. வேகம் பத்தலை வேகம் பத்தலைன்னு காலையில இருந்து குதிக்குறேனே, வேகமா ஓடிருந்தா என்ன பண்ணிருப்பே நீ? நாளைக்குக் காலையில நூறு வந்திருந்தா, அடுத்து என்ன பொய் வச்சிருந்தே?

போன் பண்ணது நான். சொல்லிட்டேன். யாருகிட்ட சொன்னேன், சுவத்துகிட்ட. பூஜைக்கு முந்தின நாள் மில்லு பூராம் சுத்தம் பண்ணுவாங்க. செக்‌ஷன் செக்‌ஷனா மெயின் சுவிட்சை இறக்கிட்டு பொம்பளைங்க துணியும் பிரஷும் வச்சுக்கிட்டுப் பாய்வாங்க, மறுநாள் மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம், வாசல்ல பூசணிக்காய். நான் வேதக்காரி, ஆனா என் கம்ப்யூட்டர் ரேக்குக்கும் பொட்டு வச்சாத்தான் விடுவாங்க, வச்சுக்கட்டும், எனக்கென்ன. ஆனா அந்தக் கார்டிங் லைன்லதான் என் ரூமையும் இழுத்து விட்டிருக்கானுக, தனி லைன் குடுங்கன்னு எத்தனை கடுதாசி எழுதினேன், அதெல்லாம் எந்தக் குப்பையிலயோ. கார்டிங் மெயினை இறக்கினா என் ரூமுக்கும் கரண்டு போயிரும், பேட்டரியில ஓடும். அன்னைக்கு முக்கால் மணி நேரம் ஓடி பேட்டரி கத்த ஆரம்பிச்சிருச்சு. அஞ்சு நிமிஷத்துல எல்லாம் அணைஞ்சுரும், அணைஞ்சா டிஸ்க்கு என்ன ஆகுமோன்னு எனக்குப் பதறுது. என் டிஸ்க்கு, என் டிஸ்க்கு. பால்பாண்டி அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, லைன் போடுங்க." "இன்னும் துடைச்சுக்கிட்டு இருக்காங்கம்மா." "ரெண்டே நிமிஷம் போட்டுட்டு எறக்கிருங்கண்ணே, அவங்களைத்தான் தள்ளி நிக்கச் சொல்லுங்களேன், பேட்டரி சாகப்போகுது இங்க, அப்புறம் சார்கிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்." சாரைப் பேச்சுல இழுத்ததுதான் நான் பண்ணின கேடு. சார்னா பால்பாண்டி அண்ணன் அப்படியே சுருண்டுருவார், அது எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் இழுத்தேன். போட்டார். மெயினைப் போட்டா மெஷின் ஓடக் கூடாது. ஸ்டார்டர் பட்டனை ஆள் போய் அமுக்கணும், அப்பத்தான் ஓடணும், அதுதான் விதி. ஆனா வோல்டேஜ் குறைஞ்சா ஸ்டார்டர் விழுந்து மெஷின் நின்னுருது, ஆள் போய் அமுக்குறதுக்குள்ள புரொடக்‌ஷன் போகுதுன்னு எங்க மில்லுல பட்டனை அமுக்கின வாக்குல மூங்கில் குச்சியைச் சொருகி வச்சிருவாங்க. ஆறாம் நம்பர்ல குச்சி இருந்துச்சு. எல்லா மெஷின்லயும் இருக்கு. எல்லாருக்கும் தெரியும். தண்டபாணி சாருக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு கேமராவுல தினமும் பார்க்குறவ எனக்கு எப்படித் தெரியாம இருக்கும். அப்ப என்ன, நான் ஒருத்தியா பண்ணினேன்? குச்சியை நானா சொருகினேன்? லைனை நானா இழுத்தேன்? கத்தணும் போல இருக்கு. யார்கிட்ட கத்த? அன்னைக்கு அவ அலறின சத்தம் இந்த ரூமுக்குள்ள கேக்கலை. எனக்குக் கேட்டதெல்லாம் பேட்டரி கத்தல் நின்ன அமைதிதான். அப்பாடான்னேன். அன்னைக்கும் அப்பாடான்னேன், நேத்தும் அப்பாடான்னேன்.

"அக்கா." கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து. "அக்கா, மூணு மணி ஆச்சு. எவ்வளவு?" ரெண்டு புள்ளி ஏழுடீ, ரெண்டு புள்ளி ஏழு, உயிரை எடுக்காதேன்னு கத்தினேன். கத்தினதும் எனக்கே கேவலமா இருந்துச்சு. யாரைக் கத்துறே, யாரைக் கத்தணும்? ஐயா இத்தால் தெரிவிப்பதைச் சுருட்டிக் குப்பையில போட்டேன். மேனேஜர் ரூம் இணைப்பை அத்துவிட்டேன், பார்த்தது போதும் சார். பென்டிரைவ் ரெண்டு எடுத்தேன், ஒண்ணு போனா ஒண்ணு இருக்கட்டும். கேமரா பதினாலு, அன்னைக்குத் தேதி, பத்தரையில இருந்து பதினொண்ணரை. காப்பி ஓடுச்சு. எட்டு நிமிஷம். மூணாவது டிஸ்க்கு நடுவுல ஒரு தடவை இருமி நின்னுச்சு, என் மூச்சும் நின்னுச்சு, அப்புறம் ஓடுச்சு. ரெண்டாவது பென்டிரைவ்லயும் போட்டேன். போட்டதை ஓட விட்டுப் பார்த்தேன், பார்க்காம குடுக்கக் கூடாது. பத்து அம்பத்திரண்டு. தூணுக்குப் பக்கத்துல மெயின் பெட்டி, பால்பாண்டி அண்ணன் போனைக் காதுல வச்சுக்கிட்டு நிக்கிறார். பேசுறார். இந்தப் பக்கம் திரும்பி மெஷின்களைப் பார்க்குறார். வாயைத் திறந்து என்னமோ கூவுறார், ரெண்டு பொம்பளைங்க விலகுறாங்க, ஆறாம் நம்பர்ல குனிஞ்சிருக்கிற பச்சை ஓவர்கோட்டுக்குக் கேக்கலை. போன்ல திரும்ப என்னமோ சொல்றார். போனுக்கு அந்தப் பக்கம் நான் பேசுறேன். அவர் முகம் சுருங்குது. கையைத் தூக்கி மெயினைப் போடுறார். ஆறாம் நம்பர் ஸ்டார்டர்ல மஞ்சளா அந்தக் குச்சி அவ்வளவு தெளிவாத் தெரியுது, எண்ணெய் ஊறின குச்சி. கண்ணை மூடக் கூடாதுன்னு வச்சிருந்தேன், மூடலை. பார்த்தேன், முழுசா. அப்புறம் ரீசிங்க்கோட கீழ்வரம்பைத் தூக்கி அம்பதாயிரத்துல வச்சேன். ஒரே வரி. காலையில அடிச்சு வச்சுட்டு என்டர் தட்டாம விட்ட வரி. கடகடன்னு தொண்ணூறாயிரத்துக்குப் போச்சு. விடிகாலையில முடிஞ்சுரும், முடியட்டும்.

வெளிய வந்தேன். பெஞ்சுல அவ பக்கத்துல உக்காந்தேன். நாலு நாள்ல நான் அவ பக்கத்துல உக்காந்தது அப்பத்தான். ரெண்டு மணி ஷிப்ட்டு ஓடுற இரைச்சல் தரையில அதிருது. பென்டிரைவ் ரெண்டையும் அவ இடது கையில வச்சேன். "இதுல இருக்கு. ஒண்ணை நீ வச்சுக்க, ஒண்ணை நாளைக்கு அங்க குடு." அவ அதைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "நூறு வந்துருச்சா?" "நூறு வர வேண்டியதில்லை. முதநாளே எடுத்துக் குடுத்திருக்கலாம். பொய் சொன்னேன்." அவ ரெண்டையும் இடது கைக்குள்ள பொத்திக்கிட்டா. "செல்லக்கிளி, அன்னைக்கு லைன் போடச் சொல்லி பால்பாண்டி அண்ணனுக்குப் போன் பண்ணது நான்தான்." சொல்லிட்டு, திட்டுவா, அழுவா, அடிப்பான்னு காத்துக்கிட்டு இருந்தேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். "தெரியும்க்கா"ன்னா. "ஆஸ்பத்திரியிலயே அந்த அண்ணன் வந்து அழுதுக்கிட்டே சொல்லிட்டாரு. வெளிய சொன்னா வேலை போயிரும்னு காலைப் பிடிச்சாரு. நீங்களா சொல்றீங்களான்னு பார்க்கத்தான் தினமும் வந்து உக்காந்தேன்." குரல் ஏறலை அவளுக்கு, ஆனா தாடை இறுகிக்கிட்டு இருந்துச்சு. "நாலு நாளு. தினமும் ஒண்ணொண்ணு சொன்னீங்க. சார் ஊர்ல இல்லை, டிஸ்க்கு செத்துப்போச்சு, ஒண்ணு புள்ளி ஒண்ணு, ரெண்டு புள்ளி நாலு. நான் சரிக்கா சரிக்கான்னேன். எனக்கு எவ்வளவு எரிஞ்சிருக்கும்?" நாளைக்கு நான் வர்றேன்னேன். "வந்து?" "வாயால சொல்றேன்." "வாயாலயா. உங்க வாயை நான் நாலு நாளாப் பார்த்தாச்சு. உள்ள பேப்பர் பேனா இருக்குல்ல, எடுத்துட்டு வாங்க. என்னோட மனு. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. எனக்கு இன்னும் இடது கையில எழுத வரலை."

எடுத்துட்டு வந்தேன். தொடையில அட்டையை வச்சு, பேப்பரை வச்சு, பேனாவைப் பிடிச்சேன். அவ தொண்டையைச் செருமிக்கிட்டா. "ஆறாம் நம்பர் மெஷின் நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு"ன்னா. எழுதினேன். "ஸ்டார்டர்ல குச்சி சொருகி வச்சிருந்தாங்க. எல்லா மெஷின்லயும் வச்சிருக்காங்க. மேனேஜருக்குத் தெரியும்." எழுதினேன். "எலக்ட்ரீஷியனைப் போன்ல கூப்பிட்டு, லைன் போடுங்கன்னு சொன்னது..." அவ நிறுத்தினா. நான் நிமிர்ந்து பார்த்தேன். "உங்க முழுப்பேரு என்னக்கா?"ன்னா. "சகாயராணி"ன்னேன். "அப்பா பேரும் சேர்த்து எழுதுங்க"ன்னா.